அந்த அடி உங்களுடையது இல்லை, அப்பா

மூட்டை தூக்கியே வலது தோள் இறங்கிப்போன என் அப்பாவுக்கு,

நேற்று திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போய்வந்தேன். உங்களைக் கொன்ற வழக்கில் நான்தான் முதல் சாட்சி. கூண்டில் ஏறி நான் என்ன சொன்னேன் என்பதை வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கடைசியாக நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் செய்யவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாருடைய பெயரையும் மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. வில்பட்டிக்கு மேலே, பூண்டும் கேரட்டும் விளைகிற ஒரு மலை ஊர் என்று மட்டும் இருக்கட்டும். மேலே அவர்கள் ஊர். கீழே சரிவில், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த நம் காலனி. நடுவில் பள்ளிக்கூடம்.

அடுப்படிச் சுவரில் உங்கள் தப்பு தொங்கும். பறையைத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொல்லுவோம். மேல ஊரில் சாவு விழுந்தால் உங்களைக் கூப்பிட யாரும் காலனிக்குள் வரமாட்டார்கள். மேட்டில் நின்று நம் தகரக் கூரைமேல் ஒரு கல்லை விட்டெறிவார்கள். அதுதான் அழைப்பு. கல் விழுந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பீர்கள். ஒருமுறை காய்ச்சலில் உங்களுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அதைச் சொல்ல வெளியே வந்த அம்மாவின் நெற்றியில் இரண்டாவது கல் விழுந்தது. கன்னத்தில் ரத்தம் வழிய அம்மா உள்ளே வந்ததும் நீங்கள் தப்பை எடுத்துக்கொண்டு காய்ச்சலோடு கிளம்பிவிட்டீர்கள்.

ஏழு வயதில் நான் அந்தத் தோலை விரலால் தட்டிப் பார்த்தேன். கையிலிருந்த குச்சியாலேயே என் விரல்களில் ஓங்கிப் போட்டீர்கள். ஒரு நகம் கறுத்து விழுந்தது. "இன்னொரு தடவ தொட்டா கையை ஒடிச்சிருவேன் புள்ள. படிக்க ஏலாட்டி மூட்டை தூக்கு. இது மட்டும் ஒனக்கு வேணாம்" என்றீர்கள். மறு வருஷமே கீழே ஹாஸ்டலில் சேர்த்தீர்கள். பட்டம் வாங்குகிறவரை லீவுக்கு மட்டும்தான் மலை ஏறினேன். அப்போதும் கூரையில் கல் விழுந்தால் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினீர்கள். எது சாவு அடி, எது சாமி அடி, எது கல்யாண அடி என்று காலனியில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள்.

ஒரு சின்ன அறக்கட்டளை நான்கு பழைய கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்து என்னை டீச்சராகப் போட்டபோது, காலனி முழுக்க நீங்கள் கடலை மிட்டாய் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சத்துணவு அரிசி மூட்டைக்குப் பக்கத்து அறை. மூடுபனி உள்ளே வந்துவிடும் என்று மானிட்டர்களுக்கு உரச்சாக்கைப் போர்த்தி வைப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பாடம் நடத்தப் பயந்துதான் இன்டர்நெட்டில் அந்த இசை விளையாட்டுகளைத் தேடிப் பிடித்தேன். படத்தைத் தொட்டால் வயலின் பேசும். இன்னொன்றைத் தொட்டால் புல்லாங்குழல் பேசும். நான் பேச வேண்டாம்.

டெலிபோன் வயரில் வருகிற நெட். ஒரு பக்கம் திறப்பதற்குள் பிள்ளைகள் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணி முடித்துவிடுவார்கள். முழுதாக இறங்கிவிட்டால் பிறகு லைன் அறுந்தாலும் விளையாட்டு ஓடும். அதனால் திறந்த பக்கத்தை நான் மூடவே மாட்டேன். கரண்ட் போகிறவரை அதிலேயே கிடப்பார்கள்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது கட்ட விளையாட்டு. ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டம். நான்கு வரிசை, வரிசைக்கு ஒரு சத்தம். அழுத்துகிற கட்டம் சிவக்கும். ஓடவிட்டால் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாகப் போகும். சிவந்த கட்டத்தைக் கோடு தொடும்போது அடி விழும். இரண்டை ஒட்டி வைத்தால் என்ன ஆகும், நடுவில் ஒன்றைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். காலிக் கட்டமும் தாளத்தில் சேர்த்திதான் என்பதை நான் சொல்லித்தரவே இல்லை. கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

மேல ஊர்ப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் உட்காருவார்கள், நம் பிள்ளைகள் கதவுப் பக்கம். நான் ஒரு விதி வைத்தேன். இரண்டு பேராகத்தான் உட்கார வேண்டும், ஒருத்தர் எண் சொல்ல வேண்டும், இன்னொருத்தர் அழுத்த வேண்டும். யாரோடு யார் என்பதை நான் முடிவு செய்வேன். நம் காலனி சசியையும் மேல ஊர் தர்ஷினியையும் ஒரு பெஞ்சில் போட்டேன். இரண்டு பேருக்கும் பத்து வயது. தர்ஷினி, மேல ஊர்ப் பெரியவரின் பேத்தி. அவர் மகன் முத்துராசுவின் மகள்.

"ஏய், மூணுன்னு சொன்னா நாலுல வைக்கிற. கண்ணு எங்க இருக்கு?"

"நீ வாய்க்குள்ளயே முனகுனா எனக்கு எப்பிடிடி கேக்கும்? வெரசா சொல்லு."

"தள்ளி உக்காரு. ஒன் தல எண்ணெய் எம்மேல ஒட்டுது."

"ஒட்டுனா ஒட்டட்டும். ஒனக்கும் முடி வளரும்."

இப்படித்தான் படித்தார்கள். ஒரு மாதத்தில் ஒருத்தி டிபன் டப்பாவிலிருந்து இன்னொருத்தி எடுத்துத் தின்றாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

அந்தத் தளத்தில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு டிரம் சத்தம். "டீச்சர், இது தகர டின்ன உருட்டுற மாதிரி இருக்கு. ஒங்கப்பா தப்ப இதுல போட ஏலாதா?" என்று சசிதான் கேட்டாள். நம் சத்தத்தைப் பதிந்து ஒரு வரிசையில் போட்டுக்கொள்ள அதில் வழி இருந்தது. சின்ன ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

"என்னாத்துக்கு புள்ள ஒனக்கு இந்தச் சோலி?"

"மூணே மூணு அடி போதும்ப்பா. மிச்சத்தப் பிள்ளைங்க கட்டத்துல வச்சுக்குவாங்க."

"அடிக்க ஆள் வேணாமா?"

"வேணாம். அமுக்குனா போதும்."

சிரித்தீர்கள். "அப்ப இனிமே மேல ஊர்க்காரன் அவன் வீட்டு எழவுக்கு அவனே அமுக்கிக்கட்டும். நமக்குக் கூரையாச்சும் மிஞ்சும்." அடுப்பில் தோலைக் காய்ச்சி மூன்று அடி அடித்தீர்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, இரண்டு குச்சியும் சேர்ந்து ஒன்று. நான்காவதாக ஒன்று கேட்டதற்கு முறைத்தீர்கள்.

அது ஆண்டு விழா ஒத்திகை நாள். வெள்ளனே வந்து சசியும் தர்ஷினியும் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்துகொண்டார்கள். ஆடுவதற்குத் தோதாக, உங்களுக்குத் தெரிந்த ஒரு அடியை வையுங்கள் என்றேன். சசி எண் சொன்னாள். தர்ஷினி அழுத்தினாள். மெதுவாக ஓடும்போது யாரோ கதவைத் தட்டுகிற மாதிரிதான் இருந்தது. வேகம் கூட்டுகிற பட்டையை வலப்பக்கம் இழுத்தது நான். கட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து உங்கள் கை அறைக்குள் வந்துவிட்டது. வெளியே நின்ற பிள்ளைகளுக்குக் கால் நிற்கவில்லை. "சத்தம் பத்தல டீச்சர்!" என்று கத்தினார்கள். காலை வணக்கத்துக்கு வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில் வயரைச் சொருகினேன். மொட்டைமாடியில் மேல ஊரைப் பார்த்தபடி ஒரு குழாய் ஸ்பீக்கர் இருந்தது.

சசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று நான் ஏன் கேட்கவில்லை?

அவர்கள் வைத்திருந்தது சாவு அடி. அது கேட்டால் மேல ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மண்வெட்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். அடுப்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்றைக்கு ஊரில் சாகக் கிடந்தவர் ஒருத்தர்தான், பெரியவர். மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். பூண்டுக் காட்டில் நின்ற பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டே ஓடினார்கள். முத்துராசு தலையில் அடித்துக்கொண்டு ஓடினாராம். வாசலில் விழுந்து அழுதாராம். உள்ளே போனால் பெரியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டிருக்கிறார்.

முதலில் மாடியிலிருந்து குழாய் ஸ்பீக்கர் வந்து விழுந்தது. பிறகு அறைக்குள் ஆட்கள் வந்தார்கள். மண்வெட்டிப் பிடி, வேலிக்கம்பு, கையில் அகப்பட்ட கல். ஒரு மானிட்டர் உடையும்போது வெடி மாதிரி சத்தம் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்கு முறை கேட்டேன். கண்ணாடி பறந்து ஒரு பிள்ளையின் புருவத்தைக் கிழித்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தார்கள்.

"எவன்டி அடிச்சது? எங்கப்பன் உசுரோட இருக்கையில எழவு அடி அடிச்சவன் எவன்?" முத்துராசுவின் வாயோரம் நுரை இருந்தது.

நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சசி ஒரு விரலைத் தூக்கினாள். "நாங்கதான், இதுல..." என்று உடைந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள். முத்துராசு அவள் சடையைப் பிடித்துத் தூக்கினார். அவள் கால்கள் தரையில் படவில்லை. தர்ஷினி என் காலடியில் மேசைக்குக் கீழே இருந்தாள். வேறு வகுப்பில் இருப்பாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் கைகள் அன்றைக்கு என்ன செய்தன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காலனிக் குழாயடியில் நின்ற உங்களுக்கு உங்கள் அடியே மேலிருந்து கேட்டிருக்கிறது. மூச்சு வாங்க ஓடிவந்தீர்கள். வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"நாந்தாங்க அடிச்சேன். புள்ளைங்கள விடுங்க."

"நீயா?"

"நாந்தான். குடிச்சிருந்தேன்."

நீங்கள் குடிக்கவில்லை. காலையில் நான் ஊற்றிக் கொடுத்த டீயைத்தான் குடித்திருந்தீர்கள். உன் தப்பு எங்கே என்றுகூட யாரும் கேட்கவில்லை. அது உங்கள் கை என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். சசியை விட்டார்கள்.

முதல் அடி முழங்காலில். நீங்கள் உட்கார்ந்தபோது முதுகில். பிறகு பள்ளிக்கூடப் படியில் உங்கள் வலது கையை இழுத்து வைத்து, மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். முதலில் உடைகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை, ஈர மண்ணில் அடிப்பதுபோல் இருந்தது. நீங்கள் கத்தவில்லை. கடைசியாகத் தலையில் அடித்தது முத்துராசு. ஐம்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் உள்ளேயிருந்து கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகுதான் எனக்குச் சத்தம் வந்தது. ஆம்புலன்ஸ் வருகிறவரை அது நிற்கவே இல்லை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் முடியாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் பெருமாள்மலை தாண்டி வளைவுகளில் இறங்கும்போது உங்களுக்கு நினைவு வந்தது. உங்கள் காதில் சொன்னேன். "அப்பா, சசியும் தர்ஷினியும்தான் வச்சது. ஸ்பீக்கர்ல விட்டது நான்."

"தெரியும் புள்ள" என்றீர்கள். "யார்ட்டயும் சொல்லிறாத. ஒன் வேல போயிரும். அந்தப் புள்ளய அவன் கொன்னுருவான். நான் அடிச்சதாவே கெடக்கட்டும்."

அதற்கு அடுத்த வளைவா, அதற்கும் அடுத்ததா? எந்த வளைவில் நீங்கள் போனீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் இடது கையைத்தான் பிடித்திருந்தேன். பிடிக்க அது ஒன்றுதான் இருந்தது.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நம் ஆட்கள் மேல ஊர் உருளைக்கிழங்குக் கொட்டகையைக் கொளுத்தினார்கள். அவர்கள் நம் தண்ணீர்க் குழாயை வெட்டினார்கள். காட்டு வேலைக்கு யாரையும் கூப்பிடவில்லை. அம்மாவும் மற்றவர்களும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்துக்குப் போய்வந்தார்கள். முத்துராசுவும் நான்கு பேரும் உள்ளே போய் ஜாமீனில் வந்துவிட்டார்கள்.

அப்பா, ஒன்றை ஒளிக்கக்கூடாது. ஒரு மாதம் முழுக்க அம்மாவின் களைக்கொத்து என் ஹேண்ட்பேகில் இருந்தது. ஒருநாள் பஸ்ஸில் முத்துராசு எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். புதிதாக முடி வெட்டியிருந்தார். வில்பட்டியிலிருந்து கொடைக்கானல்வரைக்கும் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். காதுக்குக் கீழே எந்த இடம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். பைக்குள் கை போனது. பஸ் ஸ்டாண்டு வந்ததும் அவர் இறங்கிப் போனார். ஏன் விட்டேன்? பயமா, படிப்பா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து அறையைத் திறந்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. அறக்கட்டளை சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாரும்மா, கணக்கு, இங்கிலீஷ் கேம்ஸ் போதும். அந்த மியூசிக் சமாச்சாரம் வேண்டாம். ஸ்பீக்கர்ல நீ விட்ட விஷயமும் நம்மளுக்குள்ள இருக்கட்டும். வெளிய வந்தா சென்டரை மூடிருவாங்க."

நான் தலையாட்டினேன். எனக்கு அதுதான் நன்றாக வரும்.

ஆனால் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் தாங்களாகவே திறந்துகொண்டார்கள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, சத்தம் இல்லாமல் கட்டங்களைச் சிவப்பாக்கினார்கள். பச்சைக் கோடு போகும்போது எல்லாத் தலையும் ஒன்றாக ஆடியது. ஒரு சின்னச் சத்தமும் இல்லை. தாளம் படிக்கிற பிள்ளைகளை அப்படிப் பார்ப்பது, உங்கள் கையை மறுபடியும் படியில் வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. சசியிடம், வயரைச் சொருகட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். வந்துருவாங்க."

"நீங்க ஒன்னும் தப்பு செய்யலடி."

"அப்பறம் ஏன் டீச்சர் ஒங்கப்பா நாந்தான்னு சொன்னாரு? தப்பு செஞ்சவங்கதான அப்பிடிச் சொல்லுவாங்க?"

சசியின் கேள்வியோடுதான் இத்தனை நாள் இருந்தேன். எங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னீர்கள். ஆனால் அப்படிச் சொன்னதில், பிள்ளைகள் செய்தது ஒரு குற்றம் என்பதை ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். வழக்கில் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டதும் அதைத்தான். குடிகாரன், உயிரோடிருக்கிற மனிதனுக்குச் சாவு அடி அடித்தான், துக்கத்தில் ஓடிவந்த ஜனம் தள்ளிவிட்டது, விழுந்து செத்தான். அவனே ஒத்துக்கொண்டான், பத்துப் பேர் கேட்டார்கள். உங்கள் சொல் நிற்கிறவரைக்கும் அந்தக் கதையும் நிற்கும். உங்கள் சொல்லை நான் உடைத்தால் தர்ஷினி என்ன ஆவாள்?

சாட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேல ஊர்ப் பெரியவர் ஆள் அனுப்பினார். ஆமாம், அவர் இன்னும் இருக்கிறார். யாருடைய சாவுக்காக உங்களைக் கொன்றார்களோ அவர் அன்றைக்குப் படுக்கையிலிருந்து எழுந்தவர்தான், பிறகு படுக்கவில்லை. அம்மா போகக்கூடாது என்று கதவை மறித்து நின்றாள். போனேன். முற்றத்து வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா ஆத்தா. என் எழவுக்கு என் பேத்தியேல்ல அடிச்சிருக்கா. அவளே எங்கிட்டச் சொல்லிட்டா. அவ அப்பனுக்கு இன்னும் தெரியாது."

"தர்ஷினி எங்கய்யா?"

"பெருமாள்மலையில எம் மக வீட்டுல இருக்கா. அங்கயே பள்ளிக்கொடத்துல சேத்தாச்சு. முத்துராசு அந்த வாசப்படி மிதிக்க மாட்டான். மிதிச்சா எம் மக செருப்பக் கழட்டிருவா." கொஞ்சம் இருமினார். "நான்தான் சாகலையேலே, நீ ஏன்லே கொல்லப் போறன்னு கத்துனேன் அன்னிக்கு. எவன் கேட்டான்? நீ உள்ளதச் சொல்லு. அவளும் வந்து சொல்லுவேங்கிறா. என் காலு நடக்குறப்பவே சொல்லிருங்க."

"சரிங்கய்யா."

"ஆனா ஒன்னு. நான் போறப்ப ஒங்க காலனில இருந்து ஆள் வரணும். பழசெல்லாம் மனசுல வச்சுக்காம."

அப்பா, அவர் நல்ல மனிதராக ஆகிவிட்டார் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அந்த நினைப்பு அப்படியே அறுந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, எனக்குச் சத்தம் வந்தது.

"வரமாட்டாங்கய்யா. கல்லெறிஞ்சாலும் வரமாட்டாங்க."

"அப்ப யாரு அடிப்பா?"

"உங்க பேத்திக்குத் தெரியும்."

அவர் திட்டவில்லை. வெயில் நகர்ந்துவிட்டது, கட்டிலை இழுத்துப் போடுங்கடா என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

இனி கோர்ட். எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க படிச்ச பொண்ணு. உங்கப்பா 'நாந்தான் அடிச்சேன், குடிச்சிருந்தேன்'னு சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாருங்க."

"உங்கப்பா பொய் சொல்ற ஆளா?"

அறை முழுக்கப் பார்த்தது. அம்மா பின்பெஞ்சில் இருந்தாள். நீங்கள் செத்த பிறகும் ஊர் உங்களைக் குடிகாரன் என்றது. இப்போது நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

"ஆமாங்க. எங்கப்பா பொய் சொன்னாரு."

"என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"எங்கப்பா சொன்னது பொய்யிங்க. அவர் குடிக்கல. அவர் அடிக்கல. அது நான் நடத்துன பாடம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு கட்டம், பச்சைக் கோடு, வேகத்தை இழுத்தது, ஸ்பீக்கரில் விட்டது. வக்கீல் சிரித்தார். கட்டத்தை அமுக்கினால் சாவு மேளம் வருமா என்றார். நீதிபதி ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னார். வரைந்தேன். அடிக்கிற கட்டத்தையெல்லாம் கறுப்பாக்கிக் காட்டினேன். அவர் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். அறக்கட்டளை சார் எழுந்து வெளியே போவது தெரிந்தது. என் வேலையும் அவரோடு போயிருக்கும். நீங்கள் பயந்ததில் பாதி நடந்துவிட்டது.

"இதை அமுக்கினது யாரு?"

"எண் சொன்னது எங்க காலனிப் பொண்ணு. அமுக்கினது முதல் எதிரியோட மக, தர்ஷினி. அவங்க ரெண்டு பேரும் எந்தத் தப்பும் செய்யலிங்க. நல்லாப் படிச்சாங்க."

முத்துராசு எழுந்துவிட்டார். போலீஸ்காரர் தோளை அமுக்கியும் உட்காரவில்லை. "அவ அங்க இருந்தாளா?" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவர் பேசக்கூடாது. ஆனாலும் என்னைப் பார்த்து மறுபடியும் கேட்டார். "டீச்சர், எம் மக அங்கயா இருந்தா?"

ஒன்றரை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை, உங்களிடம்கூடச் சொல்லாததை, அவரிடம் சொன்னேன்.

"மேசைக்கு அடியில இருந்தா. நீங்க எங்கப்பாவ அடிக்கிறப்ப, 'நாந்தான்ப்பா, விட்ருப்பா'ன்னு கத்த வந்தா. நான் அவ வாயைப் பொத்திட்டேன்."

ஆமாம் அப்பா. என் கைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. அவள் என் உள்ளங்கையைக் கடித்தாள். நான் விடவில்லை. விட்டிருந்தால் அவர் கம்பைக் கீழே போட்டிருப்பாரோ? இல்லை, அவளையும் அடித்திருப்பாரோ? அவளைக் காப்பாற்றினேனா, உங்களைக் கொன்றேனா? நீதிபதி அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது.

முத்துராசு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. கீழே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "செத்த மனுசனப் பொய்யன்னு சொல்லிட்டியேடி" என்று அழுதாள். பஸ் ஏறி வத்தலக்குண்டு தாண்டியதும் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

வழக்கு முடியவில்லை. தீர்ப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாய்தாவுக்குத் தர்ஷினி சாட்சிக்கு வருகிறாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் அப்பாவைப் பார்த்து அவள் என்ன சொல்ல நினைக்கிறாளோ அதை முழுக்கச் சொல்லி முடிக்கிறவரை, என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். இது நான் உங்களுக்குச் செய்து தருகிற சத்தியம்.

உங்கள் சொல்லை மீறிய மகள்,
வசந்தி